வழு

யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘வழு’ இல்லை. கணக்குத் தவறினாலும் பிழை, பாதை மாறினாலும் பிழை. கணினிச் செய்நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கோ எல்லாம் ‘எரர்’. ஆனால் பாடசாலைத் தகவல் தொழினுட்பப் புத்தகத்தில் அதற்கு நிற்பது வழுதான். எனக்கும் அதுவே பிடிக்கும். ‘கட்டளை பிழைத்தது’ என்றால், தவறிப்போனதா, தப்பிப் பிழைத்ததா?

எரர் இலத்தீன் வழி வந்த சொல். அலைந்து திரிதல், வழிதவறுதல் என்பது அதன் அடிப்பொருள். வழு வேறு மாதிரி. வழுவுதல், வழுக்குதல் என்று இருந்த இடத்திலிருந்து நழுவுவது.

இணையப் படிவத்தில் நிரப்பியதைத் தரவுத்தளத்தில், அதாவது தகவலை அட்டவணையாகச் சேர்த்து வைக்கும் இடத்தில், செருகும் கட்டளையில் நடப்பதும் இந்த நழுவல்தான். டி'சில்வா என்று ஒருவர் பெயர் கொடுக்கிறார். கட்டளையில் பெயரை ஒற்றை மேற்கோள்குறிகளுக்குள் அடைப்பதால், நடுவிலுள்ள குறியைக் கண்டதும் பெயர் ‘டி’யோடு முடிந்தது என்று தரவுத்தளம் எடுத்துக்கொள்ளும், மிச்சம் ‘சில்வா’ விளங்காத கட்டளையாகத் தொங்கும். பெயரைக் கட்டளை வரிக்குள் ஒட்டாமல், அங்கே ஒரு கேள்விக்குறியை மட்டும் வைத்து, பெயரைத் தனியாக அனுப்புவதே திருத்தம். ஒட்டினால் இன்னோர் ஆபத்தும் உண்டு: பெயர்க் கட்டத்தில் யாரும் தன் கட்டளையையே எழுதி உள்ளே விடலாம். ஏட்டுச் சுவடிக்காரர் இதை இடைச்செருகல் என்றிருப்பார்கள்.

நல்லூர் ஆறுமுக நாவலர் காண்டிகையுரை எழுதிய நன்னூல், வழுவை 7 ஆக்குகிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. தொலைபேசி எண்ணை அட்டவணையில் எண்களுக்கென்று வைத்த நிரலில் (column) செருகிப் பாருங்கள். 077இன் முன் பூச்சியம் சத்தமில்லாமல் போய்விடும். அது கூட்டிக் கழிக்கும் எண்ணே அல்ல, இலக்கத்தில் எழுதிய பெயர். ஆகவே அதைத் திணை வழு என்பேன். 4 நிரலுக்கு 3 மதிப்புக் கொடுத்தால் தரவுத்தளமே கத்தும். முகவரியும் பெயரும் இடம் மாறினால் கத்தாது. கண்ணன் எங்கே என்று கேட்டால் கண்ணாடி பைக்குள் இருக்கிறது என்பதுபோல, விடை வழுவாகப் பேசாமல் கிடக்கும்.

அப்புறம், செருகும் கட்டளை எதையும் கேட்பதில்லை. ஆனாலும் தரவுத்தளக் கட்டளை என்பதால் அதையும் ‘வினவல்’ (query) என்கிறோம். ஆசையாய்ப் பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பதை இலக்கணம் பொறுத்துக்கொள்கிறதே, வழுவமைதி என்று. இதையும் அதில் சேர்த்துவிடலாம்.