லைவ் ஆல்பம்: நேரலை அல்ல, அரங்கப் பதிவு

ஆங்கிலத்தில் ‘லைவ்’ என்றால் உயிருள்ள என்பதுதான் பழைய பொருள். வானொலி பரவிய 1930களில், இசைத்தட்டை ஓடவிடாமல் கலைஞரே நேரில் பாடுவதைக் குறிக்க அந்தச் சொல் வழக்குக்கு வந்தது. அதாவது, ‘பதிவு’ என்பதற்கு எதிர்ச்சொல்லாக வந்த சொல் அது. அதையே பின்னால் ஒரு பதிவின் தலையில் ஏற்றி, மேடையில் பாடும்போதே பதிந்த தட்டை ‘லைவ் ஆல்பம்’ என்றார்கள். தமிழாக்கும்போது நாம் தடுமாறுவது இந்த முரணால்தான்.

‘ஆல்பம்’ லத்தீன் சொல். வேர் ‘அல்புஸ்’, வெள்ளை. ரோமில் பொது அறிவிப்பு எழுதிய வெள்ளைப் பலகைக்கு அந்தப் பெயர். பிறகு வெற்றேட்டுக்கும் படம் ஒட்டும் ஏட்டுக்கும் வந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டில் பக்கத்துக்கு 3 முதல் 5 நிமிடம்தான் பிடிக்கும். நீண்ட இசையைப் பல தட்டுகளில் பதித்து, படம் ஒட்டும் ஏடு போலத் தைத்த உறைகளில் விற்றார்கள். 1948இல் 33⅓ சுற்று எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் தட்டு) வந்த பிறகும் பெயர் மாறவில்லை. இதற்குத் ‘தொகுப்பு’ என்பது குறையில்லாத சொல்.

சிக்கல் முன்சொல்லில். பலர் ‘நேரலை’ என்று எழுதுகிறார்கள். நேரலை என்பது நடக்கும்போதே அலைவழி வருவது. பாடலீஸ்வரர் கோயில் தேரை வீட்டில் இருந்தபடி பார்த்தால் அது நேரலை. 1977இல் பதிந்த கச்சேரியை இன்று கடலூரில் கேட்பது எப்படி நேரலையாகும்? ‘கச்சேரிப் பதிவு’ கர்நாடக இசை ரசிகர்களுக்குப் பழகிய சொல், பொருளும் சரி. ஆனால் கச்சேரி, நீதிமன்றத்தையும் அலுவலகத்தையும் குறித்த உருதுச் சொல் வழியாக வந்தது. பிரெஞ்சு இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. ‘ஆன் ப்யூப்லிக்’, மக்கள் முன்னிலையில் என்று தட்டு உறையில் போடுவார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த வீடுகளுக்கு இது புதிதல்ல.

நாம் சொல்லும் சொல் அரங்கப் பதிவு. அரங்கு நம் பழஞ்சொல். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று சிலப்பதிகாரம் அளவே சொல்கிறது. ஆங்கிலம் உயிரையும் பிரெஞ்சு மக்களையும் சுட்டினால், தமிழ் இடத்தைச் சுட்டட்டும். அந்த வகைத் தட்டில் நம் காதுக்குக் கிடைப்பதும் இடம்தான்.

சான்றுக்கு, ப்ரோக்ரெசிவ் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை) குழுவான ஜெனசிஸின் ‘செகண்ட்ஸ் அவுட்’ இரட்டைத் தட்டு. (ப்ரோக்ரெசிவ் என்பதை ‘முற்போக்கு’ ஆக்க வேண்டாம், தமிழில் அது அரசியல் சொல். ப்ராக் ராக் போதும்.) பெரும்பகுதி 1977 ஜூனில் பாரிஸின் பாலே தெ ஸ்போர் அரங்கில் பதிந்தது. ‘தி சினிமா ஷோ’ என்ற நீண்ட பாட்டு மட்டும் முந்தைய ஆண்டின் பதிவு. அதில் டிரம்ஸ் பில் புரூஃபோர்ட், மற்றவற்றில் செஸ்டர் தாம்ப்சன். பாடும் பில் காலின்ஸ் பாட்டில்லாத இடங்களில் தானும் டிரம்ஸில் உட்கார்ந்துகொள்கிறார். இரண்டு டிரம்ஸ் சேரும் அந்தக் கணத்தில் கூடத்தின் கனமே மாறும். ஸ்டூடியோ தட்டுகளில் கிடைக்காத சுகம் அது.

மூன்றாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, ‘சப்பர்ஸ் ரெடி’, 24 நிமிடத்துக்கும் மேல். 1972இல் குழுவின் அப்போதைய பாடகர் பீட்டர் கேப்ரியல் பாடிய பாட்டை இங்கே காலின்ஸ் பாடுகிறார். பக்கம் நீள நீள வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். அதனால் ஒலியளவு குறையும். மேலும், தட்டின் நடுவை ஒட்டிய உள்வரியில் ஊசிக்கடியில் தட்டு ஓடும் வேகம் வெளிவரியில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. பாட்டின் உச்சமோ சரியாக அந்த உள்வரியில்தான் வருகிறது. அங்கே டிரம்ஸின் சிம்பல் ஒலியும் ‘ஸ’ ஒலியும் கரகரத்தால் உடனே தட்டைக் குறை சொல்லக் கூடாது. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தையும், அதைத் தயாரித்த நிறுவனம் சொன்ன ஊசி எடையையும் முதலில் பாருங்கள். பெரும்பாலும் 1.5 முதல் 2 கிராம் வரை இருக்கும்.

நீண்ட பாட்டு ஒலிப்பதிவு செய்பவருக்கும் தொல்லை. 2,500 அடி ஒலிநாடா நொடிக்கு 30 அங்குலம் ஓடினால் 16 நிமிடம் 40 நொடியில் தீர்ந்துவிடும். முதல் நாடா முடியும் முன்பே இரண்டாவது கருவி ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். இல்லையேல் வேகத்தைப் பாதியாக்க வேண்டும்.

இன்னொரு ப்ராக் ராக் குழுவான கிங் கிரிம்சன் 1974இல் வெளியிட்ட ‘ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்’ பெரும்பாலும் மேடையில் பதிந்தது. ஆனால் கைதட்டலை நீக்கிவிட்டார்கள், ஸ்டூடியோ தட்டு போலவே ஒலிக்கும். அரங்கில் எடுத்த பதிவுதான். ஆனால் அரங்கைத் துடைத்துவிட்டதால் அரங்கப் பதிவு ஆகாது. சொல்லின் எல்லை இதுதான்.

ஜூன் 21 இசைத் திருவிழாவுக்குப் புதுச்சேரியில் வாசிக்கும் குழுக்களும் இதையே கவனிக்க வேண்டும். மைக்செட்காரரின் மிக்சரில் (ஒலிகளைக் கலக்கும் கருவியில்) இருந்து மட்டும் லைன் எடுத்தால் குரல் முன்னே நிற்கும், டிரம்ஸ் மெலிந்துவிடும். டிரம்ஸ் தானாகவே சத்தமாகக் கேட்பதால் மிக்சரில் அதைக் கூட்டியிருக்க மாட்டார்கள். கூட்டத்தின் ஒலியும் வராது. மக்கள் பக்கம் இரண்டு மைக் தனியாக வையுங்கள். கடற்காற்று நேரே மோதும் இடத்தில் பஞ்சு உறை இல்லாமல் வைத்தால் தடதடப்பு மட்டுமே பதியும். மேடையில் இருந்து 30 மீட்டர் தள்ளி வைத்த மைக்குக்கு ஒலி ஏறத்தாழ 87 மில்லிநொடி பிந்தி வரும். கலக்கும்போது அந்த மைக்கின் பதிவை அந்த அளவுக்கு நேரத்தில் முன்னே நகர்த்தாவிட்டால் ஒவ்வொரு அடியும் இரட்டையாகக் கேட்கும்.

கணினியில் எம்பி3 ஆக்கும்போது பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒலியில்லாத சிறு இடைவெளி சேர்வதால், தொடர்ந்து வரவேண்டிய கைதட்டல் நடுவில் அறுபடும். அரங்கப் பதிவை, ஒலியில் எதையும் இழக்காத ஃப்ளாக் வடிவில் வையுங்கள். கேட்கும் செயலியில் பாட்டுகளை இடைவெளியின்றித் தொடரும் கேப்லெஸ் வசதியைப் போட்டு, ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடை அணைத்துவிடுங்கள்.