மெடிக்கல் கோடிங் படிக்கலாமா? ஒரு ஆடிட்டரின் பதில்

நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, பயோடெக் முடித்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இப்போது என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "மெடிக்கல் கோடிங் கோர்ஸில் சேரலாமா சார், இல்லை ஏஐ வந்து எல்லாவற்றையும் காலி செய்துவிடுமா?" சென்னையில், மெடிக்கல் கோடிங் செய்தவர்களின் வேலை சரியா என்று ஆடிட் செய்வதும் பயிற்சி தருவதும்தான் என் வேலை. சேரலாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் சில வருடங்களுக்கு முன் உங்கள் அக்கா படித்த மாதிரி படித்துவிட்டு வராதீர்கள்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காக: அமெரிக்காவில் ஒரு டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை, அதாவது 'கோடு' (code) என்பதைப் போட வேண்டும். அதை வைத்துத்தான் இன்சூரன்ஸ் பணம் தரும். 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா ஐசிடி-10 என்ற புதிய நோய்க் கோடு பட்டியலுக்கு மாறியபோது, சுமார் 14,000 ஆக இருந்த நோய்க் கோடுகள் 70,000 அளவுக்குப் பெருகின. சென்னை, கோவை, திருச்சி என்று இங்கேயும் நிறைய பேருக்கு வேலை கிடைத்தது.

இயந்திரம் இந்தத் துறைக்குள் வருவது இது முதல் முறை இல்லை. டாக்டர் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையில் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. வரிக்கு இவ்வளவு என்று கூலி. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வந்ததும், தட்டச்சு செய்தவர்கள் அதன் பிழையைத் திருத்துகிறவர்கள் ஆனார்கள். வரிக்கான கூலி இறங்கியது. இப்போது அறையில் டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டு ஏஐயே குறிப்பு எழுதித் தருகிறது.

கோடிங்கில் முதலில் கை வைக்கப்பட்ட இடங்களில் ஒன்று ரேடியாலஜி. எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் சின்னச் சின்னதாக, ஒரே அமைப்பில் இருக்கும். ஃப்ரெஷரை உட்கார வைத்ததும் பெரும்பாலும் அங்கேதான். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பார்த்துப் பார்த்துத்தான் கையும் கண்ணும் பழகும். அப்புறம்தான் அறுவை சிகிச்சை, உள்நோயாளி சார்ட் (ஒரு நோயாளியின் மருத்துவக் குறிப்புகள்) எல்லாம். அந்த எளிய ரிப்போர்ட்டுகளில் பெரும்பகுதியை மென்பொருளே முடித்துவிட்டால், புதிதாக வருகிறவர் எங்கே பழகுவார்? வேலை மொத்தமாகப் போய்விடும் என்ற பயத்தைவிட எனக்கு இந்தக் கவலைதான் பெரிது. முதல் நாளே கஷ்டமான சார்ட்டைக் கொடுத்து, மென்பொருள் போட்ட கோடு சரியா என்று சொல்லச் சொல்கிறார்கள்.

எப்படிப்பட்ட கேள்வி வரும் என்று பாருங்கள். இருமல், காய்ச்சலோடு ஓபிக்கு வந்தவருக்கு டாக்டர் 'ரூல் அவுட் நிமோனியா', அதாவது நிமோனியா இல்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார். மென்பொருள் நிமோனியாவுக்கான ஜே18.9ஐ நீட்டுகிறது. வெளிநோயாளிக்கு, சந்தேகத்தில் உள்ள நோயைக் கோடு செய்யக் கூடாது. இருமலையும் காய்ச்சலையும்தான் போட வேண்டும். அதே ஆள் வார்டில் சேர்ந்து, டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ப்ராபபிள் நிமோனியா' (அநேகமாக நிமோனியா) என்று இருந்தால், அங்கே நிமோனியாவையே போடலாம். இன்னொன்று: குறிப்பில் மார்பகப் புற்றுநோய் என்று இருக்கிறது. சிகிச்சை முடிந்து பல வருடம் ஆகிவிட்டதென்றால் இசட்85.3, இன்னும் சிகிச்சை நடக்கிறதென்றால் சி50. மருந்துப் பட்டியலைத் தேடிப் பார்க்க வேண்டும். தெளிவில்லை என்றால் டாக்டருக்கே விளக்கம் கேட்டு க்வெரி அனுப்ப வேண்டும். கோடை மனப்பாடம் செய்தவருக்கு இங்கே வேலை இல்லை. விதியின் காரணம் தெரிந்தவருக்கு நிச்சயம் இருக்கிறது.

டார்கெட் நெருக்கும்போது 'அக்செப்ட்' பட்டனை அழுத்திக்கொண்டே போகத் தோன்றும். தயவுசெய்து போகாதீர்கள். ஆடிட்டில் அந்த சார்ட்டுக்கு எதிரே உங்கள் பெயர்தான் இருக்கும். மென்பொருள் சொன்னது என்பது பதில் ஆகாது. அதைவிட முக்கியம், ஒருவருக்கு இல்லாத நோய் அவருடைய மருத்துவப் பதிவில் ஏறிவிடுகிறது. முகம் தெரியாத அந்த மனிதரை நினைத்துப் படியுங்கள்.

இன்னொரு பழக்கமும் பயமாக இருக்கிறது. சந்தேகம் வந்ததும் நோயாளியின் குறிப்பை அப்படியே காப்பி செய்து சாட்ஜிபிடியில் போட்டுக் கேட்கிறார்கள். பெயர், பிறந்த தேதி எல்லாம் உள்ள குறிப்பை நிறுவனம் அனுமதிக்காத கருவியில் போடுவது, நோயாளியின் விவரங்களைக் காக்க அமெரிக்காவில் 1996இல் வந்த ஹிப்பா சட்டப்படி அந்தரங்க மீறலாக முடியலாம். உங்கள் வேலை போவதோடு நிறுவனத்தின் ஒப்பந்தமும் போகலாம். விதியைப் பற்றிப் பொதுவாகக் கேளுங்கள். நோயாளியின் விவரம் வேண்டவே வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நகை அடகு வைத்து, 'நூறு சதவீத வேலை உறுதி' என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கற்றுத் தருகிறவர் இப்போதும் சார்ட் பார்க்கிறாரா, உள்நோயாளி சார்ட்டில் பயிற்சி உண்டா, மென்பொருள் தந்த கோடைத் திருத்தப் பழக்குகிறார்களா என்று கேளுங்கள். போன பேட்சில் படித்த ஓரிருவரிடம் நேரில் பேசுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள், இன்சூரன்ஸ் ஏன் பணம் மறுத்தது என்று ஆராயும் டினையல் பக்கம் ஒரு கண் வையுங்கள். கோடும் தெரிந்து, மறுப்புக்கான காரணத்தையும் படிக்கத் தெரிந்தவர்களை எங்கள் டீமிலேயே தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.