மஞ்சள் காமாலையும் மஞ்சள் கேப்ஸ்யூலும்

"மாத்திரை எதுவும் சாப்பிடுறதில்லையே டாக்டர்." கண் மஞ்சளாகி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது என்று வந்த ஐம்பது வயது அம்மா மூன்று முறையும் இதையே சொன்னார். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி ரத்த அளவு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. வைரஸ் பரிசோதனைகள் எல்லாம் நெகட்டிவ். ஸ்கேனில் கல்லும் இல்லை, அடைப்பும் இல்லை. நான்காவது முறை கேள்வியை மாற்றினேன். "காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எதையெல்லாம் தண்ணீர் விட்டு விழுங்குறீங்க?" கைப்பையிலிருந்து ஒரு டப்பா வெளியே வந்தது. "இது மருந்தில்லையே, மஞ்சள்தான். மூட்டு வலிக்கு."

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். குர்குமின் 500 மில்லிகிராம். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில், பைப்பரின் 5 மில்லிகிராம். தினம் இரண்டு வீதம் மூன்று மாதமாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

குர்குமின் மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள். 1815இலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். மஞ்சள் தூளில் அது சுமார் 3 சதவீதம்தான். அப்படியென்றால் அந்த ஒரு கேப்ஸ்யூலில் இருப்பது ஏறக்குறைய 16 கிராம் தூளின் சாரம். யாரும் ஒரே வாயில் அவ்வளவு மஞ்சளை விழுங்குவதில்லை.

சோதனைக் குழாயில் இந்தப் பொருள் செய்யாத வேலை கிடையாது. வீக்கத்தை அடக்கும், புற்றுநோய் செல்லைக் கொல்லும். ஆனால் அது தானே ஒளிரும், கண்ட புரதத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் சோதனைகளில் பொய்யான பலனைக் காட்டக்கூடும் என்று 2017இல் வெளிவந்த ஒரு விரிவான மதிப்பாய்வு எச்சரித்தது. மூட்டுத் தேய்மான வலி ஓரளவு குறைவதாகச் சிறிய ஆய்வுகள் சில சொல்கின்றன. அதை நான் ஒதுக்கவில்லை.

பெரிய சிக்கல், அது உடம்பில் தங்காது. குடலும் கல்லீரலும் அதை உடனே உருமாற்றி வெளியே தள்ளிவிடும். கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் பெரும்பாலும் அளக்கும் அளவுக்குக்கூடத் தேறாது. இங்கேதான் மிளகின் காரப்பொருளான பைப்பரின் வருகிறது. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது உறிஞ்சப்படும் அளவு சுமார் 20 மடங்கு கூடியதாக 1998இல் ஓர் ஆய்வு வெளியானது. விளம்பரங்களில் பெருமையாகப் போடுவது இந்தக் கணக்கைத்தான்.

சரி, பைப்பரின் அதை எப்படிச் செய்கிறது? மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் என்சைம்களின் கையைக் கட்டிப்போடுகிறது. அந்த என்சைம்கள் குர்குமினுக்கு மட்டும் வேலை செய்பவை இல்லையே. வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயின், மாற்று சிறுநீரகம் வைத்தவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் என்று அளவு பிசகவே கூடாத மருந்துகளும் அதே பாதையில்தான் போகின்றன. ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் இந்தக் கேப்ஸ்யூலையும் சேர்த்துக்கொண்டால் ரத்தக்கசிவு ஆபத்து தனியாக உண்டு.

கல்லீரல் பாதிப்பு அரிதானது. ஆனால் கற்பனை இல்லை. இத்தாலியில் பலருக்கு வந்தது. மஞ்சளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி அமெரிக்காவில் 2022இல் வெளியான ஒரு தொகுப்பில் இருந்த 10 பேரில் ஒருவர் இறந்துபோனார். 7 பேருக்கு, இந்தப் பாதிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுவதாகக் கருதப்படும் எச்எல்ஏ-பி*35:01 என்ற மரபணு வகை இருந்தது. பைப்பரின் சேராத டப்பாக்களும் அதில் உண்டு, எனவே பழியை முழுக்க மிளகின் மேல் போட முடியாது. 2023இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரிக்கை விடுத்தது.

பித்தப்பையில் கல் இருப்பவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், இரும்புச்சத்து குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களில் அசதி, அரிப்பு, பசியின்மை, சிறுநீர் கறுத்துப்போவது என்று எது வந்தாலும் டப்பாவை மூடிவிட்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அப்புறம், டப்பாவையும் கையோடு எடுத்து வாருங்கள். பெயரைச் சொன்னால் போதாது, பின்பக்கத்துப் பொடி எழுத்தை நாங்கள் படிக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு நிறுத்திய எட்டாவது வாரத்தில் எல்லா அளவும் இயல்புக்கு வந்தது. "சமையலுக்கு மஞ்சள் போடலாமா?" என்று கேட்டார். தாராளமாக என்றேன். கதவு வரை போனவர் திரும்பினார்.

"என் தங்கச்சியும் இதையேதான் சாப்பிடுறா டாக்டர்."

"வேற மாத்திரை ஏதாவது?"

"ஒண்ணும் இல்லை. வலிப்பு மாத்திரை மட்டும்தான்."