ஒன்சென்: ஊற்றும் ஊறலும்

ஜப்பானின் குசாட்சு ஊரின் நடுவே ஒரு கொல்லை இருக்கிறது. பயிர் எதுவும் கிடையாது. பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர் நீண்ட மரத்தொட்டிகள் வழியே ஆவி பறக்க ஓடிக்கொண்டிருக்கும், நிமிடத்துக்குச் சுமார் 4,000 லிட்டர். குளிர்காலச் சாயங்காலத்தில் பக்கத்தில் போய் நின்றால் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. கந்தக வாடை மட்டும் மூக்கில் ஏறும். அந்த இடத்துக்கு யுபதாக்கே என்று பெயர். 'யு' என்றால் வெந்நீர், 'ஹதாக்கே' என்றால் புன்செய் நிலம். சேர்த்துச் சொல்லும்போது ஹகரம் பகரமாகிவிடும். தொட்டிகளில் படிகிற வெளிர்மஞ்சள் கந்தகப் பொடியை யுனோஹனா, அதாவது 'வெந்நீர்ப் பூ' என்கிறார்கள். அதைத் திரட்டி உலர்த்தி விற்கிறார்கள். பூ விளையும் இடம் என்பதால்தான் கொல்லை.

ஒன்சென், அதாவது ஜப்பானிய வெந்நீரூற்று, என்ற சொல்லையும் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதையும் விளக்க யுபதாக்கேயிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. ஒன்சென் சீனத்திலிருந்து வந்த ஏட்டுச் சொல். ஜப்பானியர் வீட்டில் புழங்கும் சொல் யு. வெந்நீர்க் குளியலகங்களின் வாசலில் தொங்கும் துணித்திரையில் பெரும்பாலும் அந்த ஒற்றை எழுத்துத்தான் இருக்கும். முதன்முறை போகிறவர்கள் ஜப்பானிய எழுத்துகளில் இது ஒன்றை மட்டும் அடையாளம் தெரிந்துகொண்டு போனால்கூடப் போதும்.

முதலில் ஏட்டுச் சொல்லைப் பார்த்துவிடுவோம். 'ஒன்' என்றால் வெதுவெதுப்பு, 'சென்' என்றால் ஊற்று. இரண்டும் குறிலே. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஆன்சன்' என்றும் 'ஓன்சென்' என்றும் சிலர் எழுதுகிறார்கள்; ஒன்சென் என்பதே ஒலிக்கு நெருக்கம். 'சென்' என்ற எழுத்தை உற்றுப் பார்த்தால் மேலே 'வெள்ளை', கீழே 'நீர்' என்று இரண்டு எழுத்துகள் அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். ஊற்றுக்கண்ணிலிருந்து நீர் வடிவதைக் காட்டும் பழைய சித்திர எழுத்து, காலப்போக்கில் அந்த உருவத்துக்கு வந்து சேர்ந்தது.

இனி வீட்டுச் சொல். ஜப்பானிய மொழியில் குளிர்ந்த நீருக்கு மிஸு, வெந்நீருக்கு யு. 'சூடான மிஸு' என்று அடைமொழி போட்டுச் சொல்லும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. சுட்டால் அது வேறு பொருள், வேறு பெயர். யு என்று படிக்கும் எழுத்துக்குச் சீனத்தில் இன்றைக்குச் சூப் என்று பொருள். எழுத்து கடல் தாண்டி வந்தபோது சட்டியிலிருந்து தொட்டிக்கு மாறிவிட்டது!

இந்த இடத்தில் தமிழ் நன்றாகவே கைகொடுக்கிறது. நம்மிடமும் அப்படி ஒரு சோடி உண்டு: தண்ணீர், வெந்நீர். தண்மை சேர்ந்த நீர் தண்ணீர்; வெம்மை சேர்ந்த நீர் வெந்நீர். பேச்சில் தண்ணீர் எல்லா நீருக்கும் பொதுப்பெயராகிவிட்டதால்தான் 'சுடுதண்ணி' என்று சொல்கிறோம். சொல்லைப் பிரித்தால் 'சுடுகிற குளிர்நீர்' என்று வரும். பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். எழுதும்போது கையில் இருக்கும் நல்ல சொல்லை ஏன் விட வேண்டும்? யு என்பதற்கு வெந்நீர் அவ்வளவு சரியாகப் பொருந்துகிறது.

எழுத்துப்பிழை பற்றி ஒரு வார்த்தை. வெந்நீருக்கு இரண்டு 'ந' வேண்டும். 'வெண்ணீர்' என்று எழுதினால் வெண்மையான நீர் என்று பொருள் மாறிவிடும். ஜப்பானில் அப்படியும் நீர் இருக்கிறது என்பதால் இந்தக் கவனம் கட்டாயம் தேவை. அகிதா மாகாணத்து மலைக்காட்டில் உள்ள நியூத்தோ ஊற்றுகளில் சில, பாலைக் கரைத்தாற்போல் இருக்கும். இறங்கி உட்கார்ந்தால் கழுத்துக்குக் கீழே சொந்த உடம்பே கண்ணுக்குத் தெரியாது. அது வெந்நீராகவும் இருக்கும் வெண்ணீர்.

சட்டப்படி ஒன்சென் எது? 1948ஆம் ஆண்டு ஒன்சென் சட்டத்தின்படி, நிலத்தடியிலிருந்து வரும் நீரோ ஆவியோ ஊற்றுக்கண்ணில் 25 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தால் அது ஒன்சென். அந்தச் சூடு இல்லாவிட்டாலும், பட்டியலிட்ட 19 பொருள்களில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவு கலந்திருந்தால் போதும். நம் ஊர்க் கிணறுகளில் பலவற்றின் தண்ணீரே 25 டிகிரியைத் தாண்டும். நமக்கு அது குளிர்ந்த நீர். ஆகவே சட்டம் ஒன்சென் என்று ஏற்கும் எல்லாமே கொதித்துக்கொண்டு வருவதில்லை. ஆறின ஊற்றுநீரைச் சூடேற்றித் தொட்டியில் விடும் இடங்களும் ஒன்செனே. ஊற்றுநீரைச் சுழற்றித் திரும்ப விடாமல் தொடர்ந்து வழிந்தோட விடுவதற்கு 'கென்சென் கக்கேநகாஷி' என்று தனிப்பெயர் உண்டு. பலகையில் அது எழுதியிருந்தால் நம்பி உள்ளே போகலாம். தமிழில் 'ஊற்று வழியல்' என்பேன்.

ஊற்று என்ற பொருளுக்கு வெந்நீரூற்று என்ற சொல் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. 'கன்னியா வெந்நீரூற்று' என்பது அங்கே காலங்காலமாகப் புழங்கும் பெயர். சிக்கல் வேறிடத்தில். ஜப்பானியர் ஒன்சென் என்னும்போது ஊற்றை மட்டும் சொல்வதில்லை. அந்த நீர் நிரம்பிய தொட்டியும் ஒன்சென், தொட்டி உள்ள விடுதியும் ஒன்சென், விடுதிகள் நிறைந்த ஊரும் ஒன்சென். "வார இறுதியில் ஒன்சென் போகிறோம்" என்றால் ஊர், விடுதி, சாப்பாடு, குளியல் எல்லாம் சேர்ந்தது. நாம் "குற்றாலம் போறோம்" என்பதில் அருவியும் அடங்கிவிடுகிறதே, அந்த மாதிரி. மொழிபெயர்க்கும்போது இடம் பார்த்துப் பிரிப்பது நல்லது: ஊற்றைச் சொல்லும்போது வெந்நீரூற்று, கட்டடத்துக்கு வெந்நீரூற்றுக் குளியலகம், ஊருக்கு ஊற்றூர். ஊற்றூர் நான் சொல்லிப் பார்க்கும் சொல்தான். காதுக்கு இதமாக இருக்கிறது.

சென்த்தோ என்பதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 'சென்' இங்கே காசு, 'தோ' வெந்நீர். காசு கொடுத்துப் புகும் வெந்நீர். பெரும்பாலும் சாதாரண நீரைக் காய்ச்சி நிரப்பும் பேட்டைக் குளியலகம் அது. தமிழில் 'செந்தோ' என்று எழுதினால் நம் வழக்கப்படி 'sendo' ஒலி வந்துவிடும். கடைசி எழுத்து நீண்ட அந்த ஒலிக்கு ஜப்பானியத்தில் படகோட்டி என்று பொருள். அதனால்தான் த் போட்டு அழுத்தியிருக்கிறேன். வீடுகளில் குளியலறை இல்லாத காலத்தில் நகர மக்களுக்கு இதுதான் குளியலறை. 1968 வாக்கில் நாடு முழுக்கச் சுமார் 18,000 இருந்தன. பிறகு வீட்டுக்கு வீடு குளியலறை வந்ததும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கட்டண உச்சவரம்பை மாகாண அரசு நிர்ணயிக்கும்; டோக்கியோவில் 2024 ஆகஸ்டில் அது 550 யென் ஆனது. ஊற்றுநீர்க் குளியலுக்கோ தனியாக ஒரு வரியே உண்டு, பெரும்பாலும் தலைக்கு 150 யென். விடுதிக் கட்டணச் சீட்டின் அடியில் பார்க்கலாம். அந்த வரியின் பெயரை நேராகப் பெயர்த்தால் 'வெந்நீர் புகு வரி'. சென்த்தோவுக்குப் 'பேட்டைக் குளியலகம்' என்பது பொருந்தும். 'பொதுக் குளியலறை' என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். படிப்பவருக்குப் பேருந்து நிலையம் ஞாபகம் வரும்.

பெயர்களை ஒருவாறு முடித்தாயிற்று. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வினைச்சொல்லைப் பற்றி.

ஒரு பயணக் கையேட்டில் 'வெந்நீரூற்றில் குளித்து மகிழலாம்' என்று படித்துவிட்டுத்தான் நான் குசாட்சு போனேன். குளிப்பது என்றால் நமக்கு என்ன? சொம்பு, வாளி, சோப்பு, தலைக்கு ஊற்றுவது. விடுதியின் குளியல் கூடத்தில் துணியெல்லாம் களைந்து கூடையில் வைத்துவிட்டு, சோப்புக்கட்டியோடு நேரே தொட்டியை நோக்கி நடந்தேன். டோக்கியோவில் வேலை பார்க்கும் தம்பி பின்னாலேயே வந்து கையைப் பிடித்தான். "அண்ணா, சோப்பு அங்கே கூடாது. இந்த முக்காலியில உட்கார்ந்து நல்லாத் தேய்ச்சுக் கழுவிடுங்க. அப்புறம் அங்கே போய்ச் சும்மா ஊறணும், அவ்வளவுதான்."

ஊறணும். அந்தச் சொல் எனக்குள் அப்படியே நின்றுவிட்டது. அவன் யோசித்துச் சொன்னதில்லை, வாயில் தானாக வந்தது. ஜப்பானியர் இந்த இடத்தில் மூன்று வினைகளைப் பிரித்துச் சொல்கிறார்கள்: உடம்பைக் கழுவுவது 'அராவு', தொட்டிக்குள் புகுவது 'ஹைரு', கழுத்துவரை நீரில் ஆழ்ந்து கிடப்பது 'ட்சுக்காரு'. இந்த மூன்றாவது சொல்லைத்தான் ஊறுகாய்க்கும் பயன்படுத்துகிறார்கள்! உப்பில் போட்ட காய் பதமாக ஊறிவிட்டது என்றாலும் ட்சுக்காரு. அந்த ஊறுகாய்க்கு ட்சுக்கேமோனோ என்று பெயர். எழுத்தில் வேறு வேறாக எழுதுவார்களே தவிர, சொல் ஒன்றுதான். நம் 'ஊறு'வும் அப்படியே: காயும் ஊறும், உடம்பும் ஊறும். தமிழில் இன்னும் ஒருபடி மேலே, நிலத்தில் நீரும் ஊறும். அந்த ஊறுவிலிருந்துதான் ஊற்று என்ற பெயரே பிறந்தது. இடத்தின் பெயருக்கும், அங்கே செய்கிற காரியத்துக்கும் ஒரே வேர். ஜப்பானிய மொழியில்கூட இந்தப் பொருத்தம் அமையவில்லை.

குளி என்பதற்கும் பழைய பொருள் மூழ்குவதுதான். முத்துக்குளித்தலில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தலைக்குக் குளிப்பதைத் தோய்தல் என்பார்கள். அதிலும் நனைந்து ஊறும் பொருள் தெளிவாக உண்டு. ஆனால் இன்றைய பொதுத் தமிழில் குளி என்றால் சோப்பும் சொம்பும் கூடவே வந்துவிடுகின்றன. ஆகவே பயணிகளுக்கு எழுதுகிறவர்கள் 'முதலில் கழுவிக்கொள்ளுங்கள், பிறகு ஊறுங்கள்' என்று எழுதினால் முறையும் சேர்ந்தே புரிந்துவிடும்.

அந்த முறைகளில் பெரும்பாலானவை, நீர் எல்லோருக்கும் பொது என்ற ஒன்றிலிருந்து வருபவை. நீச்சலுடை கூடாது. சிறு துண்டு ஒன்று கையில் இருக்கும். அது தொட்டி நீரில் படக் கூடாது, மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். நீளமுடி இருந்தால் தூக்கிக் கட்டிவிட வேண்டும். இறங்கும் முன் காலிலிருந்து தொடங்கி உடம்பில் சில முகவை வெந்நீர் ஊற்றிக்கொள்வது 'கக்கேயு'. சூடு உடம்புக்குப் பழகவும் அது உதவும். தொட்டி நீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி இருக்கும். நம் ஊர்க்காரர்களுக்கு முதல் தடவை ஐந்து நிமிடம் தாராளம். பச்சை குத்தியவர்களை அனுமதிக்காத இடங்கள் இன்னும் நிறைய உண்டு. முன்பே கேட்டுவிட்டுப் போவது மேல். கினோசாகி என்ற ஒன்சென் ஊரின் பொதுக் குளியலகங்களில் அந்தத் தடை இல்லை.

குசாட்சு நீர் ஊற்றிலிருந்து வரும்போது இறங்க முடியாத சூடு. பச்சைத் தண்ணீர் கலந்து ஆற்றினால் குணம் குறைந்துவிடும் என்று, ஓர் ஆள் உயரப் பலகைகளால் துழாவி ஆற்றுவார்கள். யுமோமி என்பது அதன் பெயர்: 'வெந்நீர் பிசைதல்'. பாட்டுப் பாடிக்கொண்டே பெண்கள் வரிசையாக நின்று பலகையைப் புரட்டுவதை இன்றும் காணலாம். பார்த்ததும் எனக்கு டீ ஆற்றுவதுதான் நினைவுக்கு வந்தது. 'வெந்நீர் ஆற்றல்' என்றே தமிழில் சொல்லலாம். ஆற்று என்ற வினை இதற்கென்றே இருக்கிறது. இந்த நீர் கடும் அமிலம் வேறு. ஊறி எழுந்த பிறகு என் விரல் நகங்களின் ஓரம் லேசாக எரிந்தது.

கூடவே கேட்க நேரும் இன்னும் சில சொற்கள். ரொத்தென்புரோ, கூரையில்லாத வானத்தடித் தொட்டி. 'திறந்தவெளித் தொட்டி' போதும். அதில் வரும் ஃபுரோ பழங்காலத்தில் ஆவிக்குளியலைக் குறித்தது. 'முரோ', அதாவது குகை போன்ற அறை என்ற சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு கருத்து உண்டு. குளியலகத்தில் விரித்து, களைந்த துணியை மூட்டை கட்டிய துணிதான் ஃபுரோஷிக்கி. இன்று அது பரிசுப்பொருள் சுற்றும் அழகுத் துணி. யுக்காத்தா என்ற மெல்லிய பருத்தி அங்கியின் பெயரும் 'யுக்காத்தாபிரா' என்ற குளியல் அங்கியின் சுருக்கமே, முன்னால் இருப்பது நம் யு.

பெப்பு என்ற ஒன்சென் ஊரில் கொதித்துக் குமிழியிடும், யாரும் இறங்க முடியாத ஊற்றுக் குளங்களுக்கு ஜிகொக்கு என்று பெயர்: நரகம். பௌத்தத்தோடு சீனம் வழியாக வந்து சேர்ந்த சொல். அதற்கு எதிரான சொல்லைக் கேட்க ஒன்செனுக்குள் போக வேண்டும். அன்று இரவு விடுதித் தொட்டியில் எங்களுக்கு எதிரே ஒரு பெரியவர் மெதுவாக இறங்கினார். நீர் விளிம்பு தாண்டி வழிந்தது. தோள்வரை ஆழ்ந்ததும் கண்ணை மூடி, மூச்சை நீளமாக விட்டு, "கொகுராக்கு, கொகுராக்கு" என்றார். இறங்கியதும் அப்படிச் சொல்வது பழைய வழக்கம். என்ன பொருள் என்று தம்பியிடம் கேட்டேன். அமிதாப புத்தரின் மேலுலகம், வடமொழியில் சுகாவதி.

"சுகமா இருக்குன்னு சொல்றார், அண்ணா" என்றான்.