கத்தி எவ்வளவு ஏறி இறங்க வேண்டும்? கேன்ட்ரி எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் கடைப் பெயர்ப் பலகை, கோயில் அலங்கார வளைவு, காவடித் தட்டு என்று மரவேலைக்குக் குறைவில்லை. அதற்காக, கணினிக் கட்டளைப்படி மரம் வெட்டும் இயந்திரமான சிஎன்சி ரூட்டரைச் சொந்தமாகச் செய்ய இறங்குகிறவர்கள் நீள அகலத்தைச் சட்டென்று முடிவு செய்துவிடுகிறார்கள். வாங்கும் பிளைவுட்டின் அளவே அதைச் சொல்லிவிடும். தடுமாற்றம் உயரத்தில்தான். எதற்கும் இருக்கட்டும் என்று 200 மிமீ வைத்துவிட்டால், தேவையில்லாத அந்த உயரம் ஒவ்வொரு வெட்டிலும் அதிர்வாகத் தெரியும்.

இங்கே இருப்பவை இரண்டு அளவுகள். பிட் என்ற வெட்டுக் கத்தியைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டில் மேலும் கீழும் போகும் தூரம் இசட் ஓட்டம். மேசைக்குக் குறுக்கே பாலம்போல் நின்று ஸ்பிண்டிலைத் தாங்கும் கேன்ட்ரியின் அடிவிளிம்புக்கும் மேசைக்கும் நடுவில் உள்ளது இடைவெளி. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பிழை பிறக்கிறது.

முதலில் ஓட்டம். வெட்டப்போகும் மிகத் தடிமனான பலகை 50 மிமீ என்று வைத்துக்கொள்வோம். அதை அடிவரை வெட்ட, பிட்டைக் கவ்விப் பிடிக்கும் கோலெட் நட்டுக்குக் கீழே பிட் 55 மிமீ நீட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நட்டு மரத்தில் உரசிக் கருக்கிவிடும். பலகையைப் பிடித்திருக்கும் கிளாம்ப் பலகைக்கு மேல் 15 மிமீ உயரம், அதற்கு மேல் 5 மிமீ பாதுகாப்பு. ஆக, முழுக்க ஏறிய நிலையில் பிட் முனை மேசையிலிருந்து 70 மிமீ, கோலெட் நட்டு 125 மிமீ உயரத்தில் நிற்க வேண்டும்.

அடுத்து கீழ் எல்லை. எழுத்துச் செதுக்கும் வி-பிட் போன்ற குட்டைப் பிட்கள் 20 மிமீதான் நீட்டும். அவை மேசையைத் தொட்டு இன்னும் 2 மிமீ இறங்க, நட்டு 18 மிமீ வரை வர வேண்டும். 125-இல் 18 போனால் 107. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மேசைமேல் விரித்த எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை நம் ஊர் ஈரக்காற்றில் உப்பும்; அவ்வப்போது சீவிச் சமப்படுத்த வேண்டிவரும். 18 மிமீ பலகை 12 ஆகும்வரை பயன்படுத்தினால் அந்த 6 மிமீயும் கத்தி இறங்க வேண்டிய தூரமே. ஓட்டத்தின் எல்லையில் இயந்திரத்தை நிறுத்தும் லிமிட் ஸ்விட்சுக்கு மேலே 5, கீழே 5. மொத்தம் 123, 125 என்று வைத்துக்கொள்ளலாம்.

இடைவெளிக் கணக்கு சிறியது. ஸ்பிண்டில் கேன்ட்ரிக்கு முன்னால் தொங்குவதால், கேன்ட்ரிக்கு அடியில் நுழைய வேண்டியவை பலகையும் கிளாம்பும் மட்டுமே: 65 மிமீ. பத்து சேர்த்து 75 போதும். கத்தி முனை 70 மிமீக்கு மேல் ஏறாத இயந்திரத்தில் கேன்ட்ரியை 150-இல் நிறுத்தி ஒரு பயனும் இல்லை.

பயனில்லாததோடு கேடும் உண்டு. செம்பனைக் குலை அறுக்கிறவருக்குத் தெரியும்: கம்பு நீள நீள அரிவாள் முனை ஆடும். ஒரு முனையில் பிடித்த தண்டு வளைவது அதன் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. கேன்ட்ரியைத் தாங்கும் பக்கத் தூணின் உயரம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. பிட்டுக்கும் இதே விதிதான். ஒரே 6 மிமீ பிட்டை 25 மிமீக்குப் பதில் 55 மிமீ நீட்டினால் பத்து மடங்குக்கு மேல் வளையும். விளிம்பு சாய்ந்து, துளை அளவு தவறி, பிட்டே முறியும்.

ஸ்பிண்டில் ஏறி இறங்கும் ரயிலைப் பிடித்து ஓடும் பேரிங் பிளாக்குகளின் தளர்ச்சி இன்னொரு தொல்லை. மேல், கீழ் பிளாக்குகளின் மையங்கள் 75 மிமீ தள்ளி இருக்கின்றன. பிட் முனை கீழ் பிளாக்கிலிருந்து 150 மிமீ கீழே. மேல் பிளாக் அசையாமல் கீழ் பிளாக் 0.02 மிமீ நகர்ந்தால் முனை 0.06 நகரும். ஆகவே பிளாக்குகளை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. 15 மிமீ ரயிலின் பிளாக் ஒன்றே ஏறக்குறைய 61 மிமீ நீளம். இரண்டும் சேர்ந்து 140 மிமீ பிடித்தால், 125 ஓட்டத்துக்கு 280 மிமீ ரயில் வாங்குங்கள்.

பிளாக்குகள் நிலையாக நின்று ரயில் இறங்கும் அமைப்பில், கத்தி தாழத் தாழ, கீழ் பிளாக்கிலிருந்து பிட் முனை வரையுள்ள தொங்கல் கூடும். பெயர்ப் பலகை வேலையெல்லாம் 12 அல்லது 18 மிமீ பலகையில்தானே? அப்படியானால் அன்றாட வேலை முழுவதும் இயந்திரத்தின் மிகப் பலவீனமான உயரத்தில் நடக்கிறது. தீர்வு மலிவானது: மெல்லிய பலகை வெட்டும்போது 18 மிமீ எம்டிஎஃப் இரண்டை ஒட்டி மேசைமேல் ஏற்றுங்கள். 36 மிமீ தொங்கல் குறையும். ரப்பர் மரக் கட்டை வந்தால் கழற்றிவிடலாம்.

இயந்திரத்துக்கான அலுமினியத்தை அறுக்கும் முன் பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் அட்டையில் வரைந்து, ஸ்பிண்டிலின் படத்தைத் தனியாக வெட்டியெடுத்து மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். ஸ்பிண்டில் பிடிப்பானின் அடிமூலை கிளாம்பில் இடிப்பது, தூசுக் குழாய் கேன்ட்ரியில் முட்டுவது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

ஸ்பிண்டிலை ஏற்றி இறக்க, மணிகள் உருள்வதால் உராய்வு குறைந்த திருகான பால் ஸ்க்ரூ போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாலை இடிமழையில் மின்சாரம் போனால் மோட்டாரின் பிடி விட்டுவிடும். நாலைந்து கிலோ ஸ்பிண்டில் தானாகவே இறங்கி, வேலையில் உள்ள பலகையில் குத்தும். பிரேக் உள்ள ஸ்டெப்பர் மோட்டாரோ, வாயு அழுத்தத்தால் எடையைத் தாங்கும் கேஸ் ஸ்பிரிங்கோ வையுங்கள். கேஸ் ஸ்பிரிங் என்றால் அதன் நீட்சியும் 125 மிமீக்குக் குறையக் கூடாது.