கடலில் கால் நனைத்து நிற்கும் தென்கோடி

கிரேட் நிக்கோபார் தீவின் தெற்கு முனையில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1972-இல் அது விளக்கேற்றியபோது காலடியில் தரை இருந்தது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தண்ணீரில் நிற்கிறது. சுனாமியில் வந்த தண்ணீர் வடியாமல் தங்கிவிட்டதா என்றால், இல்லை. தரையே ஆள் உயரத்துக்கும் மேலாக இறங்கிவிட்டது.

இந்த இந்திரா முனைதான் இந்தியாவின் தென்கோடி. கன்னியாகுமரி என்று பள்ளியில் எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்; அது தீவுகளைச் சேர்க்காத கணக்கு. குமரி இருப்பது 8 டிகிரி 4 நிமிட வட அட்சத்தில், இந்திரா முனை 6 டிகிரி 45 நிமிடத்தில். ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கிலோமீட்டர் என்று போட்டுப் பாருங்கள், குமரியைவிட ஏறக்குறைய 145 கிலோமீட்டர் தெற்கே வரும்.

சரி, தரை எப்படி இறங்கும்? வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை, ஒரு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மேஜையில் வையுங்கள். மேஜை மேல் இருக்கும் விளிம்பை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே நீட்டிய விளிம்பை விரலால் கீழே அமுக்கியபடி உள்பக்கமாகத் தள்ளுங்கள். நடுவில் அட்டை புடைக்கும். விரலை எடுத்ததும் விளிம்பு துள்ளி எழும், புடைப்பு படுத்துவிடும்.

அந்தமான் நிக்கோபாருக்கு மேற்கே, கடலடியில், இந்தியத் தட்டு என்னும் மாபெரும் பாறைப் பாளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் பர்மா தட்டுக்கு அடியில் நுழைகிறது. வழுக்கிக்கொண்டு போனால் பிரச்சினை இல்லை. ஆனால் இரண்டும் உரசிச் சிக்கிக்கொள்கின்றன. மேல்தட்டின் விளிம்பு கீழே இழுபடுகிறது, அதற்குப் பின்னால் உள்ள பகுதி மெல்லப் புடைக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த அந்த இறுக்கம்தான் அன்று சுமத்ராவிலிருந்து வடக்கே சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு, 9.1 அளவு நிலநடுக்கமாக அவிழ்ந்தது.

விளிம்புக்கு அருகில் இருந்த வட அந்தமானின் மேற்குக் கரை எழும்பியது. பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்து செத்தன. சற்றே கிழக்கே தள்ளியிருந்த போர்ட் பிளேர், இன்றைய ஸ்ரீவிஜயபுரம், தாழ்ந்தது. புடைப்பின் மேல் உட்கார்ந்திருந்த கிரேட் நிக்கோபாருக்கும் அதே கதிதான்: புடைப்பு படுத்ததும் தரை இறங்கிவிட்டது.

அப்புறம் கலங்கரை விளக்கத்தைப் பழுது பார்த்தார்கள். தட்டுகள் மறுபடி சிக்கி இறுகும்போது புடைப்பும் மறுபடி தொடங்கும், தரையும் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக மேலேறும். அதுவரை கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சம் தண்ணீருக்குள் நின்றபடிதான்.