தொற்றுக் காலத்தில் வார்டு வேலை: விக்கா இழப்பீடு யாருக்கு, எப்படி?

2003ல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் சிங்கப்பூரைத் தாக்கியபோது நோய் கண்ட 238 பேரில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் மருத்துவமனைகளில் வேலை செய்தவர்கள். 2020ல் கொவிட்-19 காலத்தில் மருத்துவ ஊழியர்களுக்கு நன்றி சொல்லிச் சன்னலோரம் நின்று கைதட்டியபோது பலரின் மனத்தில் இருந்தவர்கள் டாக்டரும் தாதியும்தான். ஆனால் அதே வார்டில் நோயாளியின் போர்வையைச் சுருட்டி எடுப்பவரும், கழிவறையைக் கழுவுபவரும், தள்ளுவண்டியில் நோயாளியை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோகும் போர்ட்டரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம், சுருக்கமாக விக்கா, இவர்களுக்கும் பொருந்தும். "நமக்கெல்லாம் இது கிடைக்காது அண்ணே" என்று ஒதுங்குபவர்களுக்காகவே இந்த விளக்கம்.

வேலையின் காரணமாகத் தொற்றிய நோயும் இந்தச் சட்டத்தில் அடங்கும். சம்பளம், வயது, குடியுரிமை எதுவும் தடையில்லை. வேலை அனுமதிச் சீட்டில் வந்தவரும் கோரலாம். முதலாளி மீது தவறு இருந்ததா என்ற கேள்வியே எழாது, வழக்கறிஞரும் தேவையில்லை. சொந்தப் பொறுப்பில் தொழில் செய்பவர்களையும் இல்லப் பணிப்பெண்களையும் சட்டம் சேர்ப்பதில்லை. ஏஜென்சி மூலம் வரும் தாதி, தான் ஊழியரா, தனிப்பட்ட ஒப்பந்ததாரரா என்பதை ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

குழப்பம் அதிகம் வருவது இங்கேதான்: யாரிடம் கேட்பது? துப்புரவு நிறுவனம் அனுப்பிய ஊழியருக்கு முதலாளி அந்த நிறுவனம்தான், மருத்துவமனை அல்ல. உடலுழைப்பு வேலை செய்பவர் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அவருக்கு முதலாளி காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை என்றாலும் இழப்பீட்டுப் பொறுப்பு முதலாளியை விட்டுப் போகாது.

கிடைப்பது என்ன? வெளிநோயாளியாக மருத்துவ விடுப்பில் இருந்தால் 14 நாள் வரையும், மருத்துவமனையில் தங்கினால் 60 நாள் வரையும் முழுச் சம்பளம். ஓவர்டைமும் சேர்த்துத்தான் சராசரி கணக்கிடப்படும். அதற்குமேல், நோய் கண்டறியப்பட்டதிலிருந்து ஓராண்டு முடியும் வரை சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மருத்துவச் செலவு, நிரந்தர உடற்குறை, மரணம் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரம்பு உண்டு. 2025 நவம்பர் 1 முதல் மருத்துவச் செலவுக்கு அதிகபட்சம் 53,000 வெள்ளி. மரண இழப்பீடு 91,000 முதல் 269,000 வெள்ளி வரை. இதைப் பெற்றுக்கொண்டு, அதே நோய்க்காக முதலாளி மீது தனியாக வழக்கும் போட முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

இனி சிக்கலான பகுதி. கையில் ஊசி குத்தினால் அந்த நிமிடமே தெரியும். காற்றில் பரவும் கிருமி பேருந்திலும் ஒட்டும், சந்தையிலும் ஒட்டும். கிருமி வேலையிடத்தில்தான் தொற்றியது என்று காட்ட முடியாவிட்டால் கோரிக்கை நிற்காது. அதனால் பணி அட்டவணையை அன்றன்றே கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். எந்த வார்டு, எந்த நேரம், தொற்று உறுதியான நோயாளியின் அருகே என்ன வேலை, உடன் வேலை செய்தவர்களில் யாருக்கு நோய் கண்டது என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரலில் டான் டோக் செங் மருத்துவமனையின் 9டி வார்டில் கொவிட்-19 பரவியதுபோல ஒரே வார்டில் பலருக்குத் தொற்று உறுதியானால் தொடர்பைக் காட்டுவது எளிது. தனியாக ஒருவருக்கு மட்டும் வந்தால் இந்தக் குறிப்புகள்தான் துணை. தொற்று இல்லாமல் தனிமைப்படுத்தப்பட்டவர் விக்காவில் கோர முடியாது. அங்கே நோயே இல்லையே.

நோய் உறுதியானதும் மேற்பார்வையாளரிடம் வாயால் சொன்னதோடு நிற்காமல் வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்புங்கள். டாக்டரிடம் போகும்போது உங்கள் வேலை என்ன என்பதைச் சொல்லி, அதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மனிதவள அமைச்சிடம் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. அவர் இழுத்தடித்தால் நீங்களே அமைச்சிடம் நேரடியாகக் கோரலாம். நோய் கண்டறியப்பட்டதிலிருந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். வேலையை விட்டுவிட்டீர்கள் என்பதால் மட்டும் உரிமை போய்விடாது. படிவம் புரியவில்லை என்றால் வெளிநாட்டு ஊழியர்கள் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை அணுகலாம். தொழிற்சங்க உறுப்பினர்கள் தங்கள் சங்கத்திடம் கேட்கலாம்.